மந்திரித்த கெளுத்தியை என்ன செய்வது

உடம்பில் ஒரு மஞ்சள் மேலங்கியும் கையில் ஒரு விசிலும் கொடுத்துவிட்டால், சொர்க்கத்தின் வாசலில்கூட வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடும் ஆட்கள் சிலர் உண்டு. சிங்கப்பூரின் ஈசூனில் எட்டாவது மாடி வீட்டில் குடியிருக்கும் பெர்னார்ட் சூசை அந்த ரகம். செம்பவாங் பக்கத்துக் கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து வந்து இறங்கிய தொழிலாளிகள் எத்தனையோ பேரின் தலைக்கவச வாரை இழுத்துப் பார்த்து, வசவும் அக்கறையும் கலந்து ஊட்டியவர். அக்கறை என்று அவர் சொல்வார். வசவு என்று அவர்கள் சொல்வார்கள்.

ஓய்வு பெற்றபின் அதட்ட ஆளில்லாமல் மனிதர் இளைத்துப்போனார். மனைவி ரோசம்மாவை அதட்டிப் பார்க்கலாமா என்ற யோசனை ஒருநாள் வந்திருக்கலாம். வந்த வேகத்தில் போயிருக்கும். ரோசம்மா ஒரு மருத்துவமனைச் சமையற்கட்டை ஆண்டு ஓய்வு பெற்றவர். இரண்டு மேற்பார்வையாளர்கள் உள்ள வீட்டில் ஒருவர்தான் மேற்பார்வை பார்க்க முடியும் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்ட சங்கதி.

பங்குக் கோயில்தான் பெர்னார்டைக் காப்பாற்றியது. முதலில் வார்டன் ஆக்கினார்கள். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும், யார் கார் யார் காரை மறிக்கிறது என்பதெல்லாம் அவர் அதிகாரத்துக்குள் வந்தன. பிறகு கோயிலில் 'படைப்பைப் பேணுவோம்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். பிளாஸ்டிக் ஸ்பூன் கூடாது, விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்பதைத் தாண்டி அந்தக் குழுவுக்கு ஒரு வேலையும் தோன்றவில்லை. பெர்னார்ட் தலைவரானதும் வேலை கிடைத்தது. அந்நிய மீன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரைக்கு அழைத்துப் போவார். அங்கே தொண்டூழியராகவும் பதிந்துகொண்டு ஒரு மேலங்கி வாங்கியிருந்தார். தண்ணீரைக் கைகாட்டி அவர் பேசுவதைக் கேட்டால் உள்ளே மீனா இருக்கிறது, மாஃபியாவா இருக்கிறது என்று சந்தேகம் வரும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீகாக் பாஸ் எப்படி இங்கே குடும்பம் பெருக்கியது, முள்வால் திருக்கை எப்படிச் சேற்றுக்குள் படுத்துக் கிடக்கிறது, பாறையையே நக்கித் தின்னும் உறிஞ்சுவாய் மீன் எப்படி நம்மூர்ச் சின்ன மீன்களின் சாப்பாட்டில் கை வைக்கிறது, எல்லாம் சொல்வார். இது குடிதண்ணீர், வற்றவைத்துத் தேடிப் பிடிக்க முடியாது, மருந்தடித்துக் கொல்லவும் முடியாது, உள்ளே போனது போனதுதான் என்பார். கடைசியில் ஒரு விரலை உயர்த்துவார்.

"ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வாளி. அது போதும், மொத்தமும் நாசம்."

பிள்ளைகள் அந்த விரலைப் பார்ப்பார்கள். பெற்றோர் கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள்.

அவர் சொன்னது எல்லாம் உண்மை. அதுதான் எரிச்சல். புண்ணியம் தேடி வாளி வாளியாக மீன் விடுகிறவர்களை அவர் திட்டினார். பீகாக் பாஸைத் தூண்டிலில் பிடித்து, படமெடுத்து, முத்தம் கொடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் மறுபடி தண்ணீரில் விடும் தூண்டில்காரர்களைத் திட்டினார். காலை நடைக் குழுவின் தலைவி பஞ்சவர்ணம், முந்தின ராத்திரி மிஞ்சிய பரோட்டாவைப் பிய்த்து மீனுக்குப் போட்டதற்காக அவரை முழுக் குழுவுக்கும் முன்னால் நிற்கவைத்து வகுப்பெடுத்தார். யாரையும் விடவில்லை.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் வீட்டு ஹாலில், டிவியைவிட அகலமான தொட்டியில், அமேசான் ஆற்றுச் சிவப்புவால் கெளுத்தி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ஜூனியர்.

பெர்னார்டுக்கு ஷார்லீன், ஆட்ரி என்று இரண்டு பெண்கள். இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பையன் இல்லை என்று அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. மீனுக்கு ஜூனியர் என்று பெயர் வைத்தார், அவ்வளவுதான். ஷார்லீன் அதைக் கேட்டுவிட்டு, "டேடி, ஆர் யூ சீரியஸ்?" என்று மட்டும் சொன்னதாகத் தகவல்.

மீன்கடையில் வாங்கும்போது அது விரல் நீளம். கரிய முதுகு, வெள்ளை வயிறு, சிவப்பு மையில் முக்கி எடுத்த வால், ஒரு போலீஸ் அதிகாரிக்கு இருக்க வேண்டிய மீசை. "தொட்டி அளவுக்குத்தான் அங்கிள் வளரும்" என்றார் கடைக்காரர். பாரந்தூக்கியின் கயிறு எத்தனை டன் தாங்கும் என்று இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், இதைச் சோதிக்கவே இல்லை. நம்ப ஆசைப்படுகிறவனிடம் பொய் சொல்வதற்குத் திறமை தேவையில்லை.

ஜூனியர் முதலில் தொட்டியில் இருந்த கிளிமீன்களைத் தின்றது. பிறகு அவற்றோடு இருந்த கூழாங்கல்லில் சிலவற்றைத் தின்று துப்பியது. பிறகு தொட்டியை மாற்ற வைத்தது. பெர்னார்டின் குரல் கேட்டால் மேலே வந்து, வாயைப் பிளந்து, உறுமும். அவர் இறால் போடுவார். காலையும் மாலையும் அப்பாவும் பிள்ளையும் இப்படிக் கொஞ்சிக்கொள்வதை ரோசம்மா சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார். குழம்புக்கு வாங்கி வைத்த இறால்.

இதுவரை நடந்தது சாதாரணச் சிங்கப்பூர்க் கதை. பாதி ஊர் வீட்டில் ஏதாவது ஒன்று தொட்டியை மீறி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்து நடந்ததுதான் பெர்னார்டுக்கும் ரோசம்மாவுக்கும் மட்டுமே வாய்க்கக் கூடிய கோளாறு.

அக்டோபரில் அசிசியார் திருநாளன்று கோயில் வளாகத்தில் வளர்ப்புப் பிராணிகளை ஆசீர்வதிக்கும் சடங்கு உண்டு. கத்தோலிக்கத் தமிழர்கள் இதை மந்திரிப்பது என்பார்கள். நாய், பூனை, கூண்டில் கிளி, பெட்டியில் ஆமை என்று வரிசையாக நின்றார்கள். கடைசியில், ட்ராலியில் ஒரு தொட்டியோடு பெர்னார்ட். அப்போது ஜூனியர் முழங்கை நீளம். தமிழ்நாட்டிலிருந்து வந்து அதிக நாளாகாத இளம் ஃபாதர், இதுவரை மீனை மந்திரித்ததில்லை என்று சிரித்துக்கொண்டே, தீர்த்தத்தைத் தண்ணீரின் மேலேயே தாராளமாகத் தெளித்தார். எல்லாரும் படம் எடுத்தார்கள். ரோசம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

போட்டதோடு ஜூனியர் மீன் என்ற நிலையிலிருந்து உயர்ந்துவிட்டது.

மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. உடைந்த செபமாலையை மண்ணில் புதைக்க வேண்டும். காய்ந்த குருத்தோலையை எரிக்க வேண்டும். மந்திரித்ததை விலைக்கு விற்பது பாவம். ரோசம்மா இதில் எல்லாம் கறார். அவர் படுக்கையறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. கை போன மாதா, தலை போன அந்தோணியார், மூக்கு தேய்ந்த குழந்தை இயேசு என்று பல வருடத்துச் சுரூபங்கள் அதற்குள் ஓய்வு பெற்று வாழ்கின்றன. எறிய முடியாது. புதைக்கலாம் என்றால் எட்டாவது மாடியில் மண் எங்கே? பூச்செட்டி ஒன்று உண்டு, அதில் கறிவேப்பிலை இருக்கிறது.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு மீன், தலை முதல் வால் வரை, அது நீந்தும் தண்ணீரோடு சேர்த்து மந்திரிக்கப்பட்டுவிட்டது.

அப்போது யாரும் கவலைப்படவில்லை. கவலை இந்த வருடம் வந்தது. பிள்ளைகள் போன பிறகு ஐந்தறை வீட்டைத் துடைத்து மாளவில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை என்று ரோசம்மா வீட்டை விற்கச் சொன்னார். விற்றாயிற்று. ஈசூனிலேயே சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. சாவி கொடுக்கும் தேதியும் குறித்தாயிற்று. பெர்னார்ட் புது வீட்டை அளந்து பார்த்தார். ஜூனியரின் தொட்டியை வைத்தால் கட்டில் வெளியே போக வேண்டும். கட்டிலை வைத்தால் ஜூனியர் வெளியே. ஜூனியரோ இதற்குள் தொட்டியிலேயே திரும்பத் திணறும் அளவுக்கு வந்திருந்தது.

"புது வீட்டுக்கு நான் வருவேன், என் டின்னு வரும்," என்றார் ரோசம்மா. "உங்க மவன் வரமாட்டான்."

பெர்னார்ட் தேட ஆரம்பித்தார். வாங்கின கடையில் கேட்டார். சின்னதாக இருந்தபோது விற்றவர்கள், பெரிதானதும் இடமில்லை என்றார்கள். இணையத்தில் இலவசம் என்று போட்டார். கேட்டவர்கள் படம் அனுப்பச் சொன்னார்கள், படம் போனதும் அவர்களும் போய்விட்டார்கள். ஷார்லீன் ஒரு மிருக மருத்துவரின் எண்ணை அனுப்பினாள். மருந்து கலந்த தண்ணீரில் வலியில்லாமல் தூங்கவைத்துவிடுவார்கள் என்று பக்குவமாகச் சொன்னாள். பெர்னார்ட் அதைக் கொலை என்றார். சொல்லும்போது அவர் தட்டில் வஞ்சிர வறுவல் இருந்தது.

ஒருநாள் ரோசம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போயிருந்தபோது, வழக்கமாக மீன் வாங்கும் யாக்கூப் பாயிடம் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் படத்தைக் காட்டினார். யாக்கூப் கத்தியை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ருசியைப் பற்றிப் பெரிய நம்பிக்கை இல்லையென்றும், ஆனாலும் கொண்டுவந்தால் துண்டு போட்டுத் தருவதாகவும், காசு வேண்டாமென்றும் சொன்னார். பெர்னார்ட் பதில் சொல்வதற்குள் ரோசம்மா குறுக்கே வந்தார்.

"மந்திரிச்ச மீன் பாய் அது. அந்தத் தொட்டித் தண்ணியவே சிங்க்ல ஊத்த மனசு வராம செடிக்கு ஊத்துறேன். சட்டியில போடச் சொல்றீங்களா?"

யாக்கூப் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறால் வேண்டுமா என்று கேட்டார். விவரம் தெரிந்தவர்.

கடைசியில் ஃபாதரிடமே போனார்கள். ஃபாதர் முதலில் சிரித்தார். ரோசம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு விளக்கினார். சுரூபம் வேறு, உயிர் வேறு. மீன் புனிதப் பொருளாகிவிடவில்லை. அந்தச் செபம் மீனுக்காகச் சொன்னதுகூட இல்லை, மீனை வைத்திருப்பவன் அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னது. ஆகவே மருத்துவரிடம் கொண்டுபோவதில் பாவம் எதுவும் இல்லை.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. வீடு திரும்பும் பேருந்தில் ரோசம்மா தீர்ப்புச் சொன்னார். "ஃபாதர் சின்னப் புள்ள. அவருக்கு என்னா தெரியும்." அது பெர்னார்டுக்கும் வசதியாக இருந்தது.

ஆக, ஜூனியரை விற்க முடியாது, தின்ன முடியாது, எறிய முடியாது, கொல்ல முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. சாவி கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஜூனியர் போயாக வேண்டும். போன விதம் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்நிய மீன் பெர்னார்ட் என்று கோயிலில் அவர் எழுப்பி வைத்திருந்த பெயர் அன்றோடு சரி. இப்படி மாட்டிக்கொண்ட மனிதனுக்கு இறையியல் தானாக ஊறும். பெர்னார்டுக்கும் ஊறியது.

கடவுள் படைத்த உயிர். கடவுள் படைத்த தண்ணீர். ஒன்றை எடுத்து இன்னொன்றில் வைப்பது திருப்பிக் கொடுப்பதுதானே? அதை விடுவது என்று எப்படிச் சொல்லலாம்? "அமேசானைப் படைச்சவரு வேற, ஈசூனைப் படைச்சவரு வேறயா?" என்று அவர் ரோசம்மாவிடம் கேட்டார். முதல் சனிக்கிழமைகளில் விரலை உயர்த்திய அதே மனிதர்தான். ஒரே ஒரு மீன், ஆண், தனியாக எப்படிப் பெருகும்? மற்றவர்கள் விடுவது விவரமில்லாமல் விடுவது, தான் விடுவது எல்லா விளைவும் தெரிந்து விடுவது. இதில் வித்தியாசம் இருப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார். (ஆண் என்று யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டுவிடாதீர்கள். ஜூனியர் என்று பெயர் வைத்தாயிற்று, அவ்வளவுதான்.)

ரோசம்மா ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் கொடுக்கப் போவதாக யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டில் சொல்லியும் வைத்தார்.

திட்டத்தில் பெர்னார்டின் தொழில் அனுபவம் முழுவதும் இறங்கியது. ராத்திரியில் வாளியோடு போகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். காலையில் மேலங்கியோடு போகிறவனை ஒருவரும் பார்ப்பதில்லை. பட்டறையில் அவர் கற்ற ஒரே தத்துவம் அது. எனவே கோயில் உணவுச் சந்தைக்குப் பயன்படும் நீளமான ஐஸ் பெட்டியை இரவல் வாங்கினார். பெட்டியின் பக்கத்தில் பங்குக் கோயிலின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், பிறகு மறந்துவிட்டார். ஜூனியரை ஈரத் துண்டில் சுற்றித் தூக்கி, தண்ணீர் நிரப்பிய பெட்டிக்குள் துண்டோடு இறக்கும்போது அது வாலால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது. தந்தைமார்களுக்கு அது புதிதல்ல.

வெளிச்சம் வந்த பிறகு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போனார். மேலங்கி, தொப்பி, கழுத்தில் விசில். எதிரே வந்த இரண்டு பேர் வணக்கம்கூடச் சொன்னார்கள். மீன் பிடிக்கத் தடை என்ற பலகைக்குக் கீழே, கரை தாழ்வான இடமாகப் பார்த்து நிறுத்தி, மூடியைத் திறந்தார். குனிந்து துண்டை விலக்கினார்.

அங்கேதான் பஞ்சவர்ணம் வந்து சேர்ந்தார், தன் நடைக் குழுவோடு.

பரோட்டாக் குற்றத்துக்காக அதே கரையில் அவமானப்பட்டவர். பெர்னார்டைக் கண்டால் வேறு பாதையில் நடப்பவர். இன்று நேராக வந்தார். பெட்டிக்குள் பார்த்தார். பிறகு பெர்னார்டை, ஆச்சரியம், முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"என்னா பெர்னார்ட், இவ்வளவு பெரிய ஆள புடிச்சு வெளிய போட்டுட்டீங்களே. சும்மா வாய்ப்பேச்சுன்னுலா நெனச்சேன்."

ஒரு நல்ல மனிதனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். பெர்னார்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குழுவினர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். ஒருவர் இது குழந்தையையே விழுங்கும் என்றார். படமெடுத்தார்கள், பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிடச் சொல்லிப் படமெடுத்தார்கள், பெர்னார்ட் மண்டியிட்டார். கட்டைவிரலையும் உயர்த்தினார். அந்தப் படம் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது என்பது பிறகுதான் தெரியும்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். பஞ்சவர்ணம் பரோபகாரி. சற்றுத் தள்ளிச் சுற்று வந்துகொண்டிருந்த இளம் அதிகாரியைக் கைதட்டிக் கூப்பிட்டார். அர்ஜுன் என்று சட்டையில் பெயர் இருந்தது. வந்து பார்த்து அவரும் வியந்தார். தொண்டூழியரின் முயற்சியைப் பாராட்டினார். பிறகு, இயல்பாக, எந்த இடத்தில் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

பெர்னார்ட் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தார். இங்கே பிடித்தேன் என்றால், தடை செய்த இடத்தில் மீன் பிடித்த குற்றம். கொண்டுவந்தேன் என்றால், விடவந்த குற்றம். விதிகளை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதன் கஷ்டம் அது. தெரியாதவனாக இருந்தால் ஏதாவது உளறித் தப்பித்திருப்பான்.

தான் பிடிக்கவில்லை, வரும்போதே பெட்டி இங்கே இருந்தது என்றார்.

அப்படியானால் வேறு யாராவது இங்கே நின்றதைப் பார்த்தீர்களா என்று அர்ஜுன் கேட்டார். யாரோ பொறுப்பில்லாதவன் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான், தனக்கும் இந்த மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார் பெர்னார்ட். சொன்ன வேகத்தில் ஒரு கோபமும் வந்துவிட்டது; இப்படிப்பட்டவர்களை விடக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

பஞ்சவர்ணம் பெட்டியைச் சுற்றிவந்து மறுபக்கத்தை வாசித்தார். உங்கள் கோயில் பெயர்தானே போட்டிருக்கிறது என்றார். கோயிலிலிருந்து திருடியிருப்பார்கள் என்றார் பெர்னார்ட். சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாதென்று சீடர் சொன்ன அதே கணக்கில், மூன்றாவது தடவை. ஈசூனில் கோழிகளுக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு ஒன்றுகூடக் கூவ மெனக்கெடவில்லை.

ஜூனியர் மெனக்கெட்டது. பழகின குரல் தலைக்கு மேலே உரக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காலைச் சாப்பாட்டு நேரம் வேறு. அது மெல்ல எழும்பி, பெர்னார்ட் நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பி, தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து உறுமியது. அர்ஜுன் மறுபக்கத்திலிருந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். திரும்பவில்லை. பஞ்சவர்ணம் 'உஸ், உஸ்' என்று கூப்பிட்டுப் பார்த்தார். அசையவில்லை. பெர்னார்ட் தொண்டையைச் செருமினார். மறுபடி உறுமியது, வாய் இன்னும் அகலமாக.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

"அங்கிள்," என்றார் அர்ஜுன், குரலைத் தாழ்த்தி. "அதுக்கு உங்களத் தெரியுதே."

பெர்னார்ட் மேலங்கியின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குக் காலையில் இறால் கொடுப்பது வழக்கம் என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

அர்ஜுன் நல்ல பிள்ளை. தண்ணீரில் இன்னும் விடவில்லை என்பதால் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டார். மீனை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி, வண்டியை வரச் சொன்னார். வண்டி வரும்வரை பெர்னார்ட் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். நடைக் குழு நடையை மறந்து எதிரே நின்றது. ஜூனியரைப் பெரிய தொட்டிக்கு மாற்றி ஏற்றும்போது, இனி இதை என்ன செய்வீர்கள் என்று பெர்னார்ட் அர்ஜுனைக் கேட்டார்.

"உங்களால முடியாததத்தான் அங்கிள்."

இதோடு ஒரு மனிதன் திருந்தியிருப்பான் என்று எதிர்பார்க்கத் தோன்றும். பெர்னார்டைத் தெரியாதவர்களுக்குத் தோன்றும்.

படம் அதற்குள் கோயில் குழுவுக்கு வந்துவிட்டது. அசிசியார் திருநாளன்று ஜூனியரைப் படமெடுத்த அத்தனை பேருக்கும் அந்த மீசை அடையாளம் தெரிந்தது. முதலில் ஒருவர் கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். பிறகு நிறையக் கேள்விக்குறிகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, பெர்னார்ட் யாரும் கூப்பிடாமலே மைக்குக்குப் போனார்.

பேசினார். தான் பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்த மீன் அது என்றார். உண்மை. அதைத் தன் கையாலேயே அதிகாரிகளிடம் ஒப்படைத்தேன் என்றார். அதுவும் ஒரு விதத்தில் உண்மை. மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றுதான் கரையில், எல்லாரும் பார்க்க, ஒப்படைத்தேன் என்றார். இங்கே குரல் தழுதழுத்தது. முன் பெஞ்சில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபாதர் பீடத்தின் விரிப்பில் ஏதோ சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். கைதட்டல் கிளம்பியது. கைதட்டலில் மிதந்த பெர்னார்ட், அங்கேயே முடிக்காமல் ஒரு வாக்கியத்தைக் கூடச் சேர்த்தார்: உங்கள் வீட்டிலும் இப்படி வைத்துக்கொள்ள முடியாத மீன் இருந்தால் ஒளிக்க வேண்டாம், என்னிடம் வாருங்கள், சரியான வழியை நான் காட்டுகிறேன்.

அவர் சொன்னது 'வழி'. சபைக்குக் கேட்டது 'வாருங்கள்'.

அன்று மாலையே வந்தார்கள். முதலில் வந்தவர் கொண்டுவந்தது, நெற்றி புடைத்த லோஹான் ஒன்று. ஒரு காலத்தில் அதிர்ஷ்டம் தரும் என்று வாங்கியது, அதிர்ஷ்டம் வரவில்லை, நெற்றி மட்டும் வளர்ந்தது. அடுத்து ஒரு வாளியில் உறிஞ்சுவாய் மீன். அடுத்து, பேரப்பிள்ளைக்கு வாங்கி, பேரப்பிள்ளைக்குச் சலித்துப்போன சிவப்புக் காது ஆமை. வாசலில், லிஃப்ட் வரை, வாளிகள். ஒவ்வொருவரும் பெர்னார்டின் சாட்சியம் உள்ளத்தைத் தொட்டதாகச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அவசரமாகக் கிளம்பப் பார்த்தார்கள்.

பெர்னார்ட் முதல் இரண்டு வாளியை வாங்கிக்கொண்டார்! முன்மாதிரி அல்லவா. மிருக மருத்துவரின் எண் கைத்தொலைபேசியில்தான் இருந்தது. ஒப்படைக்கும் வழியும் இப்போது தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் எல்லாரும் அவரை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கொல்லச் சொல்லி எப்படிச் சொல்வது?

ரோசம்மா சமையலறையிலிருந்து வந்தார். புது வீட்டுக்காகப் பாதி கட்டி வைத்த பெட்டிகளுக்கும், உள்ளே வந்துவிட்ட வாளிகளுக்கும் நடுவே நின்று பார்த்தார். பிறகு மடக்கு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். மருத்துவமனைச் சமையற்கட்டில் ஆண்டாண்டு காலம் காலாவதியான மீனைத் திருப்பி அனுப்பிய குரல் அது.

"வாங்கினது நீங்க. வச்சுக்குறதும் நீங்க. தூக்குங்க."

லோஹான்காரர் இது மந்திரித்ததுதான் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். ரோசம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். மந்திரித்த மீனை எறியக் கூடாது என்பது தன் மீனுக்கான சட்டம், அடுத்தவர் மீனுக்கு அல்ல என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. லோஹான்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டார். ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டார்கள். எங்கே கொண்டுபோவீர்கள் என்று ரோசம்மா கேட்கவில்லை. பெர்னார்டும் கேட்கவில்லை. லிஃப்ட் கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது. தரை ஈரமாக இருந்தது, ரோசம்மா துடைத்தார். வீடு அமைதியாகிவிட்டது. மீனில்லாத வீடு அவருக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்த முதல் சனிக்கிழமை பெர்னார்ட் வழக்கம்போல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போனார். மறைக்கல்விப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கரையைச் சுத்தம் செய்வது தொண்டூழியர் வேலை. புல்லில் காலி வாளிகள் கிடந்தன. நல்ல வாளிகள், மூடி போட்டவை, ஒன்றுகூட உடையவில்லை. பக்கத்தில் தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது. பெர்னார்ட் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ட்ராலியில் வைத்தார். பிள்ளைகள் வந்தார்கள், அவர் பேசினார், விரலை உயர்த்தினார்.

வாளிகளை வீட்டுக்குக் கொண்டுபோனார். எங்கே கிடைத்தன என்று ரோசம்மா கேட்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சமையலறைச் சாமான்களை அவற்றில் அடுக்க ஆரம்பித்தார். வீடு மாற்றும் சமயத்தில் வாளி எத்தனை இருந்தாலும் போதாது.